எண்ணூறு மில்லி

ஸ்ப்ளெண்டருக்கு ஆயில் மாற்ற 17-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர் ஒன்று போதும். கூடவே அகலமான பழைய பேசின், ஒரு புனல், ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட், போல்ட்டுக்குப் புது வாஷர். ஆயில் டப்பாவையும் சேர்த்தால் ஆம்பூரில் இரண்டு பேர் மட்டன் பிரியாணி சாப்பிடுகிற காசுக்குள் வேலை முடிந்துவிடும். மெக்கானிக்கிடம் போனாலும் பெரிதாகக் கூலி கேட்கமாட்டார். டப்பாவை அவரிடமே வாங்கினால் கூலியே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஆகவே இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. வாரம் முழுக்கத் தாளையும் திரையையும் பார்த்துக் கழிப்பவனுக்கு, இறுகிக் கிடந்த ஒரு போல்ட் கையில் இளகுவதில் ஒரு சுகம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை காரணம் அவ்வளவுதான்.

பலரும் தயங்குவது வேலை தெரியாமல் இல்லை. சிந்திவிடும் என்ற பயம். வாசலில் ஒருமுறை ஆயில் கொட்டிவிட்டால், அங்கே கோலம் போடுகிறவருக்கு வருஷம் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

சிந்தாமல் செய்வதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். லேசான சூட்டில் ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடையும் இழுத்துக்கொண்டு வரும். வாணியம்பாடி வரை ஓட்டிப்போய்த் திரும்பிய சூட்டில் கைவைத்தால் தோல் உரிந்துவிடும். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும். முதல் குழப்பம் எஞ்சினின் அடியில் ஆயில் வடிக்கிற போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் வரும். மேலிருந்து குனிந்து அடியில் கைவிடுகிறவனுக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். கழற்றுவதாக நினைத்து இறுக்கி மரையைத் தின்றவர்கள் உண்டு. போல்ட் இரும்பு, எஞ்சின் கேஸ் அலுமினியம். இரண்டுக்கும் சண்டை மூண்டால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பேனரால் அரைச் சுற்று, அதற்கு மேல் விரல். கடைசி இரண்டு மரை இருக்கும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். அழுத்தம் இருக்கும்வரை ஆயில் கசிந்தாலும் கொட்டாது. மரை தீர்ந்தது விரலுக்குத் தெரியும். அந்த நொடியில் கையைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், கறுப்பு ஆயில் விரல் தடிமனில் பேசினுக்குள் இறங்கும், போல்ட் கையோடு வந்துவிடும். இதில் பிசகினால் போல்ட் பேசினில் விழும். சூடான ஆயிலுக்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டியதுதான். மேல் மூடியைப் பிறகு திறந்துகொள்ளலாம். முதலிலேயே திறந்தால் வேகம்தான் கூடும்.

எல்லோரும் பயப்படுவது இந்த முதல் பாய்ச்சலுக்கு. ஆனால் தரையைக் கெடுப்பது கடைசி நூல். ஓட்டம் மெலிந்ததும் ஆயில் நேராக விழாது. எஞ்சினின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து, ஸ்டாண்ட் பக்கம் போய், பேசினுக்கு ஒரு சாண் தள்ளிச் சொட்ட ஆரம்பிக்கும். ஆயில் வடிய விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்களின் வாசலில் கறை இருப்பது இதனால்தான். எங்கள் தெருமுனை மெக்கானிக் பாய் சொல்வார்: "கொட்டும்போது பாக்காட்டிகூடப் பரவால்லணா. நூலு மாரி வருது பாரு, அப்போ கண்ணு அங்கியே இருக்கணும்." அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் பேசினுக்கு அடியில் விரித்துவிட்டால் அந்தக் கவலையும் குறையும். ஷூ கம்பெனிகள் நிறைந்த ஊரில் அட்டைக்குப் பஞ்சமில்லை.

பிறகு போல்ட்டைத் துடைத்து, வாஷர் மாற்றி, முதல் சில சுற்று விரலாலேயே ஏற்றி, கடைசியில் ஸ்பேனரால் ஒரு பிடி. பலத்தைக் காட்டக் கூடாது. புது ஆயில் ஏறக்குறைய 800 மில்லி. அளவு பார்க்கும்போது மூடியோடு இருக்கிற குச்சியைத் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகிவிட்டுப் பார்த்தால் அதிகம் இருப்பதாகக் காட்டும்.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருக்கிற கவனம் மெக்கானிக்குகளுக்கும் கிடையாது. ஷூவின் அப்பர் தைக்கிற பெண்கள் காலையில் மிஷினுக்கு எண்ணெய் விட்டதும் நல்ல தோலைத் தொடமாட்டார்கள். வேஸ்ட் துண்டு ஒன்றில் கொஞ்சம் தையல் ஓட்டி, ஊசிக் கம்பி வழியாக இறங்குகிற எண்ணெயெல்லாம் அதில் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அப்பரைக் கொடுப்பார்கள். வெள்ளைத் தோலில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டால் அந்த ஜோடி ரிஜக்ட். "துடைச்சா போவாது தம்பி, இன்னும் பெருசாவும்" என்று எதிர்வீட்டு அக்கா ஒருமுறை சொன்னார். இத்தனைக்கும் அந்தத் தோலே எண்ணெய் குடித்துத்தான் தோலாகியிருக்கிறது. க்ரோம் ஏற்றிய பிறகு டிரம்மில் எண்ணெய்க் குழம்பு விட்டுச் சுற்றாவிட்டால் அது காய்ந்து விறைத்து எதற்கும் உதவாமல் போயிருக்கும்.

நான் சொல்ல வந்தது பேசினில் இருக்கிற ஆயிலைப் பற்றி. கறுத்துவிட்டதாலேயே அது கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டியதில்லை. எரிபொருள் விட்ட கரியை எங்கும் படியவிடாமல் தன்னிலேயே மிதக்க வைத்துக்கொள்வதற்கான மருந்து ஆயிலில் கலந்திருக்கிறது; கறுப்பு, அந்த மருந்து வேலை செய்ததற்கு அடையாளம். கரியோடு தேய்ந்த உலோகத் துகளும், பாதி எரிந்த பெட்ரோலும், எரியும்போது உண்டாகிற நச்சு ஹைட்ரோகார்பன்களும் அதில் இருக்கின்றன. எஞ்சினுக்குள் எங்கெங்கோ இருந்த அழுக்கு மொத்தமும் இப்போது ஓர் இடத்தில். புது ஆயில் வந்த டப்பாவிலேயே புனல் வைத்து இதை ஊற்றி மூடிவிடலாம். தரையில் ஒரு சொட்டு இல்லை, கையில் லேசான பிசுக்கு. ஆயில் மாற்றுவதைச் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

டப்பா வாசல் ஓரத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கிற ஆயில் நீர்த்து இளகியிருக்கிறது, கவிழ்த்தால் சுலபமாக ஓடிவிடும். எதிரே நாலடியில் சாக்கடை. சாக்கடை போய்ச் சேருகிற கால்வாய், அந்தக் கால்வாய் போய்ச் சேருகிற பாலாறு. ஒரு முறை ஆயில் மாற்றும்போது வருகிற பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அது காரின் கணக்கு. பைக்கின் அளவுக்குச் சுருக்கினாலும் ஏழு லட்சம் லிட்டருக்குக் குறையாது. இப்படிப்பட்ட முழு எண்களை நான் முழுசாக நம்புகிறவன் இல்லை. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் எதிர்வீட்டுக் கிணறு போதாது.

இந்த இடத்தில் ஒருவர் சிரிக்கலாம். பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு டப்பா ஆயிலுக்குக் கவலையா? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் பட்டையில் ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. வழக்கமான முறையில் டிரம்மில் போட்ட க்ரோமில் 60, 70 சதவீதம் தோலில் ஏறும். மிச்சம் தண்ணீரோடு வெளியே. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு அரைகுறைத் தோலாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஊர்கள் இவை. 1972-ல் அமைந்த சீதாராமையா குழு, அரைகுறைத் தோலை அனுப்பாதே, முழுசாக முடித்த தோலாக, செருப்பாக, ஷூவாக அனுப்பு என்றது. அன்னியச் செலாவணிக் கணக்கில் அது சரியான யோசனைதான். க்ரோம் டிரம்கள் பெருகின. அதுவரை வாங்குகிற நாட்டில் நடந்துகொண்டிருந்த அழுக்கு வேலையும் அதோடு சேர்ந்து இங்கே வந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது 1991-ல். தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28-ல். சூழலைக் கெடுத்தவரே அதைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதும், கேடு முழுசாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு எழுதியது. இந்தியாவில் சட்டம் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் வேலூர் என்றால் இந்த வழக்கு ஞாபகத்துக்கு வரும். வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்குப்படி, தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதுமாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாகத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும், அதாவது தோல் பதனிடும் ஆலைக்கும், 10,000 ரூபாய் அபராதம். பிறகு ஓர் ஆணையம் அமைந்து, 2001-ல் இழப்பீடு நிர்ணயித்தது. அது போதாது, நிலமும் ஆறும் மீளவில்லை என்று வழக்கு மறுபடி மறுபடி நடந்து, 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு எழுதியது: பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடு, கெடுத்தவர்களிடம் வசூலி, கண்காணிக்கக் குழு அமை. முதல் மனுவுக்கும் இதற்கும் இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்து ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டது.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1989 இறுதியில் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சை மருந்தைத் தடை செய்தது. தோலில் அது ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. இங்கே தோலில் பூசணம் பிடிக்காமல் இருக்கப் பரவலாகப் போட்டுக்கொண்டிருந்த மருந்து அது. 1994-ல் சில அஸோ சாயங்களுக்கும் தடை வந்தது. தோல் ஷாப்காரர்கள் முணுமுணுத்தார்கள், சென்னையில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அலைந்தார்கள், மருந்தை மாற்றினார்கள், சாயத்தை மாற்றினார்கள். அதற்கு உச்ச நீதிமன்றம் தேவைப்படவில்லை. சரக்கு திரும்பி வந்துவிடும் என்ற பயம் போதுமானதாக இருந்தது. ஹாம்பர்க்கில் ஒருவர் பாதத்தில் படப்போகிற நஞ்சு சில வருஷங்களில் நின்றது. ஆம்பூர்க் கிணற்றில் இறங்குகிற நஞ்சுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் வாய்தா. தொழிலதிபர்களை மட்டும் இதற்குத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாங்குகிறவர் வாயைத் திறந்தால் சுத்தம் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிணற்றுக்காரர் எதையும் வாங்குகிறவர் இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது. கழிவுநீரைச் சவ்வு வழியாகப் பிழிந்து, மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்குகிறார்கள். தண்ணீர் டிரம்முக்கே திரும்பிப் போகிறது. உப்பு தங்கிவிடுகிறது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் 30, 40 சதவீதம் உப்பு போடுகிறோமே, அது எங்கே போகும்? பல உப்புகள் கலந்து, அழுக்கேறிப்போன அதை வாங்க ஆளில்லை. மூட்டையாகவும் குவியலாகவும் கொட்டகைக்குள் கிடக்கிறது. தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது, இப்போது வெள்ளையாக, தொட்டுப் பார்க்கும்படி இருக்கிறது. ஒருவகையில் இது முன்னேற்றம்தான்.

சேறும் அப்படித்தான். ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேறு தேக்கிய தொட்டி 2015 ஜனவரி 31 அதிகாலையில் உடைந்தது. மதில் தாண்டிப் பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்துறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அது பாய்ந்து 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றில் விடாமல் சேர்த்து வைத்த கழிவு அது. அதே ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1990-களில் மூடப்பட்டபோது விட்டுப்போன க்ரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிகிறது.

இந்தத் தொழிலில் அழுக்கு எங்கே போகும் என்பதற்கு முன்பு, யார் கையில் போகும் என்பது முடிவாகியிருந்தது. பச்சைத் தோலைத் தூக்கியவர்கள், சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள், சேற்றுத் தொட்டியை மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவப் போய் விஷவாயுவில் மாண்டவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று வடார்க்காட்டில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டாம். நிலமும் பணமும் உள்ளவர் வீடு சுத்தமாக இருந்தது. அழுக்கைத் தொடுகிறவரைத்தான் ஊர் அழுக்கென்றது, உண்டாக்குகிறவரை அல்ல. மெக்கானிக் கடைக்குப் போய் நிழலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு திரும்புகிற நமக்கும் அந்த வழக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடையில் நிற்கிற பையனின் நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு நம் வண்டியினுடையது.

வீட்டு வாசலில் வேலை செய்தால், அந்த 800 மில்லி கொஞ்ச நேரத்துக்காவது என் பொறுப்பாகிறது. பழைய எஞ்சின் ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. அந்த விதிகளில் செய்த திருத்தப்படி, ஆயில் தயாரிக்கிறவர்களே பழைய ஆயிலில் ஒரு பங்கு மறுசுழற்சிக்குப் போவதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. காகிதத்தில் நல்ல விதிதான். ஆனால் டப்பாவும் கையுமாக நிற்கிறவன் எங்கே போவது என்பதற்கு அதில் பதில் கிடைக்காது. நம் ஷூவை வாங்குகிற ஜெர்மனியில், ஆயில் விற்கிற கடைக்காரர் விற்ற அளவுக்குப் பழைய ஆயிலைக் காசு கேட்காமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ரசீதைக் காட்டினால் போதும். எங்கள் பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இதைக் கேட்டேன். கடைக்காரர் மரியாதையானவர், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஊருக்கென்று ஒரு வழி இல்லாமலும் இல்லை. பழைய ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவார்கள், கான்கிரீட் ஒட்டாமல் வரும். கரையான் அரிக்காமல் இருக்க வேலிக்கம்பத்தின் அடிக்குப் பூசுவார்கள். கிணற்றடிக் கப்பிக்கும் கேட்டின் கீலுக்கும் விடுவார்கள். எல்லாம் உபயோகம்தான். எல்லாமே கடைசியில் மண்ணில் இறங்குவதும்தான். அதிகமாக வருகிற ஆயில் எங்காவது அடுப்பில் எரியும், அல்லது வடிகட்டிப் புது டப்பாவில் ஏறி மறுபடி நம்மிடமே வரும். முறையாகச் சுத்திகரித்தால் அதிலிருந்து நல்ல அடிப்படை ஆயிலை மறுபடி எடுக்கலாம், உரிமம் பெற்ற ஆலைகள் அதைச் செய்கின்றன. ஆயில் தேய்வதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது.

டப்பாவை நான் தெருமுனைப் பாயிடம் கொண்டுபோகிறேன். அவர் கடைக்குப் பின்னால் 200 லிட்டர் பேரல் ஒன்று இருக்கிறது. முதல் தடவை கொண்டுபோனபோது, "இதுக்குக் காசு எதிர்பாக்கறியாணா?" என்று கேட்டார். வேண்டாம் என்றதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். வேலையைத் தன்னிடம் கொடுக்காமல் கழிவை மட்டும் கொண்டுவந்து கொடுக்கிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆயிலைப் பேரலில் கவிழ்த்து, சொட்டு நிற்கும்வரை டப்பாவைத் தலைகீழாகப் பிடித்திருந்து, ஸ்க்ரூ டிரைவரால் அதன் அடியில் இரண்டு ஓட்டை போட்டுப் பழைய பிளாஸ்டிக் குவியலில் எறிந்தார். ஓட்டை போடாத டப்பாவில் டூப்ளிகேட் ஆயில் ஏறிவிடும்.

பேரல் நிறைந்ததும் டெம்போக்காரர் வந்து லிட்டர் கணக்கில் காசு கொடுத்து எடுத்துக்கொண்டு போகிறார். எங்கே போகிறது என்று கேட்டேன். "பார்ட்டி இருக்குதுணா" என்றார் பாய். எந்த ஊர்ப் பார்ட்டி? அவர் பேரலை விரலால் தட்டிப் பார்த்தார், பாதிக்கு மேல் இருந்தது. "பெரும்பாலும் செவ்வாய்க்கெழம வருவான். கடையாண்ட வந்து நீயே கேட்டுக்கோயேன்."